பொருள் எண் நான்கு: மூன்று நிமிடம்

கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அதில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்ற குறிப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எழுதி முடிந்துவிட்டது.

பெர்சி வேலை பார்க்கிற இடத்தில் அதுதான் வழக்கம். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு மாடி, நாலு அறை, ஒரே ஒரு பிரிண்டர். ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டு, கண்டெய்னரைக் கப்பல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏஜென்சி. ஆங்கில வருஷப் பிறப்பு கழிந்த முதல் திங்களன்று ஊழியர் கூட்டம் நடக்கும். முன்பெல்லாம் அது பதினோரு மணிக்குத் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டில் நின்று, சாயங்காலம் ஒரு சண்டையில் முடியும். பெர்சி மதுரையில் ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஒவ்வொரு பொருளுக்கும் நிமிடக் கணக்கு போட வேண்டும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும், கூட்டம் நாற்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பேசவிட்டால்தானே நேரம் ஆகிறது என்று பெர்சி தானாகக் கண்டுபிடித்தான். அதிலிருந்து மினிட்ஸ் முதலில், கூட்டம் பிறகு. ஆட்கள் வந்து உட்கார்ந்து, எழுதியிருப்பதைக் கேட்டுத் தலையாட்டி, புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போட்டு, கேக் தின்றுவிட்டுப் போவார்கள். போன வருஷம் முப்பத்தாறு நிமிடத்தில் முடிந்தது. பெர்சி அதைத் தன் மனைவி ஈவாஞ்சலினிடம் இரண்டு தடவை சொன்னான்.

பெர்சி அங்கே மேனேஜர். நாற்பத்தாறு வயது, சாத்தான்குளத்துக்காரன். தன் தொப்பையைப் பற்றியும் வழுக்கையைப் பற்றியும் தானே முதலில் ஜோக் அடித்து, அடுத்தவனுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறவன். ஆபீசில் அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அது ஒரு தொழில்நுட்பம் என்பது அவனுக்குத் தெரியும்.

இந்த வருஷத்து மினிட்ஸில் மூன்று பொருள்கள் வழக்கமானவை. நான்காவதை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கோழிக்குழம்பு கொதிக்கிற வாசனையில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டைப் செய்தான்:

‘பொருள் 4 (3 நிமிடம்): டிசம்பர் 31 அன்று குளிர்ப்பதனக் கண்டெய்னரில் இருந்த சரக்கு கெட்டது குறித்து. யார்டில் மாலைச் சோதனைப் பொறுப்பில் இருந்த மிஸ் இசக்கிசெல்வி, மின் இணைப்பு நின்றுபோனதை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவரைப் பணியிலிருந்து விடுவிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வேறு எவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை.’

நாலே வாக்கியம். மொழிநடை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே செருப்பால் அடிக்கலாமா என்றும் தோன்றியது. இரண்டாவதைச் செய்யாமல் சாப்பிடப் போய்விட்டான்.

ஏனென்றால் இசக்கிசெல்வி தெரிவித்திருந்தாள். உரிய நேரத்தில். அவனிடமேதான்.

அந்த ஆபீசில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. கிறிஸ்மஸிலிருந்து வருஷப் பிறப்பு வரை கிறிஸ்தவர்களுக்கு, ஊர்ப்பேச்சில் வேதக்காரர்களுக்கு, லீவு, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு அவர்களுக்கு லீவு, வேதக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவை மற்ற இரண்டு பேரில் செந்தில்முருகன் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய்விட்டான். காகிதம் போடுகிற இசக்கிசெல்வி ஒருத்திதான் அத்தனை நாளும் ஆபீசையும் கண்டெய்னர் நிறுத்துகிற யார்டையும் பார்த்தாள். முப்பத்தொன்றாம் தேதி மூன்று இருபதுக்கு அவள் போன் செய்தபோது பெர்சி ஏரல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். காரில் மனைவி, மகள் ஷெர்லின், மாமனார் வீட்டுக்கு மூன்று கேக் பெட்டி.

“சார், கணவாய் மீன் ஏத்துன கண்டெய்னர்ல கரன்ட் நின்னுபோச்சு. உள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கு. வேற பாயின்ட்ல மாத்திக் குடுங்கன்னு யார்டுல கேட்டா, மேனேஜர் சொன்னாத்தான் தொடுவோம்ங்காவ. நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“நான் பேசிக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ செல்வி. ஹேப்பி நியூ இயர்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அதற்குள் ஷெர்லின் வாந்தி வருகிறது என்றாள். வண்டியை நிறுத்தினார்கள். அப்புறம் கோயிலில் இரவு ஆராதனை, அப்புறம் கட்டிப்பிடித்து வாழ்த்து, அப்புறம் தூக்கம். ஒன்றாம் தேதி மத்தியானம் பிரியாணியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறபோதுதான் ஞாபகம் வந்தது.

கண்டெய்னரைத் திறந்தபோது அவன் பக்கத்தில் நின்றான். உறைந்து கல்லாயிருக்க வேண்டிய கணவாய், அட்டைப்பெட்டி ஊறி, வெள்ளையும் ஊதாவுமாகத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்தது. நாற்றம் மூக்கில் இல்லை, தொண்டையில் அடித்தது. குமட்டியது. ஓரமாகப் போய்ப் பிரியாணியை எல்லாம் திருப்பிக் கொடுத்தான். திரும்பி வரும்போது பார்த்தால், செல்வி லீவு நாளிலும் வந்து, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். போனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே முதலாளி தேவபிரசாதத்திடம் பெர்சி உண்மையைச் சொல்லத்தான் செய்தான். அவர் நாசரேத்துக்காரர், அறுபத்தெட்டு வயது, சபைக்கமிட்டியில் இருப்பவர். கூட்டத்தில் சார், தனியாக அண்ணாச்சி.

“அண்ணாச்சி, அந்தப் பிள்ள எனக்கு போன் பண்ணுச்சு. நாந்தான் மறந்துட்டேன்.”

“இத யாருகிட்ட சொல்லியிருக்க?”

“ஒங்ககிட்டத்தான்.”

“நல்லது. இனிமே என்கிட்டயும் சொல்லாத. ஏலே, சரக்குக்காரன் எழுதிக் கேக்கான். யாரு தப்பு, என்ன நடவடிக்கைன்னு திங்கக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள வேணுமாம். மேனேஜர் தப்புப் பண்ணுனா அது கம்பெனி தப்பு. கிளார்க்கு தப்புப் பண்ணுனா அது கிளார்க்கு தப்பு. வெளங்குதா?”

பெர்சிக்கு விளங்கியது. அதுதான் அசிங்கம். கொஞ்சம் மந்தபுத்தியாகப் பிறந்திருந்தால் யோக்கியனாக இருந்திருக்கலாம்.

“நீயும் நானும் முடிவு பண்ணுனதா இருக்கக்கூடாது. மீட்டிங்ல எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணுனதா இருக்கணும். அந்த மினிட்ஸ அப்படியே அனுப்பிருவோம். நீதான் மதுரைக்கெல்லாம் போயிப் படிச்சிட்டு வந்திருக்கல்லா?”

*

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு பெர்சி தன் அறையிலிருந்து பிரிண்ட் கொடுத்தான். கொடுத்த பழக்கத்திலேயே குரலும் கொடுத்தான்: “செல்வி, அதுல அஞ்சு காப்பி எடுத்து பின் அடிச்சிரும்மா.”

சொல்லி முடித்தபோதுதான் சொன்னது காதில் விழுந்தது. பிரிண்டர் இருப்பது செல்வியின் மேசைக்குப் பக்கத்தில். பெர்சி எழுந்தான், எழுந்தவன் கதவு வரை போய் நின்றான். பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. ஒரு பக்கம் புரட்டுகிற சத்தம். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஸ்டேப்ளர் சத்தம். டக். டக். டக். டக். டக். ஐந்து.

ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். அவன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, எச்சிலை விழுங்கினான். அதில் கணவாய் வாடை அடித்தது.

பத்து மணிக்கு மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைமாட்டில் தேவபிரசாதம். அவருக்கு இடப்பக்கம் மடிக்கணினியோடு பெர்சி. அதில் இருப்பது சுவரிலுள்ள டிவியிலும் தெரியும். எதிரே யார்டு மேற்பார்வை பார்க்கிற ரோச்; கீழவைப்பார்க்காரர், ஐம்பத்தைந்து வயது, மெதுவாகப் பேசுவதென்றால் என்னவென்று தெரியாதவர். அவருக்குப் பக்கத்தில் மலையிலிருந்து இறங்கித் தாடியெடுத்த முகத்தோடு செந்தில்முருகன். வாசல் பக்கம் இசக்கிசெல்வி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காப்பி இருந்தது. மூலைகள் ஒரே நேராக, பின் ஒரே இடத்தில். அவள் வேலை எப்போதும் அப்படித்தான்.

தேவபிரசாதம் கண்ணை மூடி ஜெபித்தார். போன வருஷத்துக்கு நன்றி, வருகிற வருஷத்துக்குக் கிருபை. “கடமையில தவறுனவங்கள ஆண்டவரே நீர் மன்னிச்சு, அவங்களுக்கு வேற நல்ல வழிய வேற எடத்துல காட்டும்” என்றார். ஆண்டவருக்கே மினிட்ஸ் அனுப்புகிறார் என்று பெர்சிக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை. “ஆமென்” என்று சொல்ல வாய் திறந்தான், சொல்லவும் சொன்னான்.

பொருள் ஒன்று ஐந்து நிமிடம். பொருள் இரண்டு எட்டு நிமிடம். பொருள் மூன்று, பிரிண்டருக்கு மை வாங்குவது பற்றி. அதில் ரோச் ஏதோ சொல்லப்போக, “அது எழுதியிருக்கு ரோச்” என்று பெர்சி அடக்கினான். எல்லாம் எழுதியபடி நடந்தது. இதைவிடச் சிறப்பான கூட்டம் இந்தச் சாலையிலேயே நடந்திருக்காது.

“நாலாவது” என்றார் தேவபிரசாதம், பெர்சியைப் பார்த்து.

பெர்சி தொண்டையைச் செருமினான். அதற்குள் செல்வி எழுந்து நின்றாள்.

“நாலாவது என்னதுதான் சார். நான் ஒப்புக்கிட்டு வருத்தம் தெரிவிக்கணும். மூணு நிமிசம் போட்டிருக்கு. நின்னுக்கிட்டுச் சொல்லணுமா, உக்காந்துக்கிட்டா?”

ரோச் அப்போதுதான் தன் காப்பியைப் புரட்டினார். வாய் அசைய வாசித்தார். “என்ன எழவு இது? ஏலே பெர்சி, இந்தப் பிள்ளையா? பிளக்கத் தொட்டுப் பாக்காம வீட்டுக்குப் போவாதே இது!”

“ரோச், முறைப்படி நடக்கட்டும்” என்றார் தேவபிரசாதம்.

“என்ன முறை அண்ணாச்சி? ‘வேறு எவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை’ன்னு போட்டிருக்கு. நான் என்ன ஊமையா?”

“அது எழுதியாச்சு” என்றார் அவர்.

“நான் இப்பத்தானேவே பேசுதேன்!”

செந்தில்முருகன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் தன் பெயர் இருந்திருக்கும் என்பது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது.

செல்வி கையை லேசாக உயர்த்தினாள். “ஒரு திருத்தம் மட்டும் சார். மிஸ் இசக்கிசெல்வின்னு போட்டிருக்கு. எனக்குக் கல்யாணமாகி நாலு வருசமாச்சு. பாஞ்சாலங்குறிச்சியில வச்சு. பெர்சி சார் வந்தாவ. ரெண்டாவது பந்தியில உக்காந்து, பாயசம் ரெண்டு தடவ வாங்குனாவ. எங்க மாமனார் இன்னைக்கும் சொல்லுவாரு, ஒங்க மேனேஜர் என்ன தமாஷான மனுசன்னு.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “வேலைய விட்டு அனுப்புத பேரு. அதையாவது சரியா எழுதுங்க.”

டிவித் திரையில் அந்த ‘மிஸ்’ எல்லோரும் பார்க்கக் கிடந்தது. பெர்சியின் விரல் தானாகப் போய் அதைத் திருத்தியது. திருமதி. திருத்திவிட்டு அதைப் பார்த்தான். இப்போது வாக்கியம் முழுவதும் சரியாக இருந்தது.

“வருத்தம் தெரிவிச்சிட்டேன்னு வச்சுக்கிடுங்க” என்றாள் செல்வி. உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “வேற யாருக்கும் கருத்து இல்லைன்னு இருக்கு. இன்னும் ரெண்டு நிமிசம் பாக்கி இருக்குல்லா சார். அதையும் இருந்து முடிச்சிருவோம். நேரம் நேரமாத்தான் நடக்கணும்.”

தன் கைப்பேசியை எடுத்து மேசையில் குப்புற வைத்தாள். அதில் மூன்று இருபது அழைப்பு இருக்கிறது. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. பெர்சிக்குத் தெரியும், அவன் தன் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். அவள் அதைத் திருப்பிக் காட்டினால் முடிந்தது. அவள் திருப்பவில்லை.

ஏன் திருப்பவில்லை? பெர்சி தலைக்குள் எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தான். பயமா? பயமில்லை, முகம் அப்படி இல்லை. மிரட்டலா? மிரட்டுகிறவள் இப்படிக் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள். கடைசியில் விடை வந்தபோது அது அவனைக் கன்னத்தில் அறைந்தது. அவள் அவனுக்காகக் காத்திருக்கிறாள். ஒன்றாம் தேதியிலிருந்தே காத்திருக்கிறாள். சார் சொல்லிவிடுவார் என்று, தண்ணீர் பாட்டில் நீட்டினபோதிலிருந்தே.

விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றியது. தேவபிரசாதம் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பெர்சி தன் பக்கத்து நியாயங்களை வரிசையாகக் கூப்பிட்டான். ஷெர்லினுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு. தனக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள். செல்வி சின்னப் பெண், கெட்டிக்காரி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். ஒவ்வொன்றும் வந்து நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றது. கணவாயைப் போல ஒவ்வொன்றும் வழுவழுவென்று இருந்தது.

“நேரம் ஆச்சு” என்றாள் செல்வி. “கையெழுத்துப் போடலாம்.” கையெழுத்துக்காகத் தன் காப்பியைப் பிரித்தாள்.

“இரு” என்றான் பெர்சி.

குரல் கீச்சென்று வந்தது. அவன் டிவியைப் பார்க்காமல், இரண்டு விரலால், நான்காவது பொருளை அடியோடு அழித்தான். வெள்ளையான இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஏறியது:

‘பொருள் 4: டிசம்பர் 31 மாலை 3.20-க்கு திருமதி இசக்கிசெல்வி மின் இணைப்பு நின்றுபோனதை மேனேஜர் பெர்சிக்குப் போனில் தெரிவித்தார். யார்டில் பேசுவதாகச் சொன்ன பெர்சி, பேச மறந்துவிட்டார். மறுநாள் மத்தியானம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.’

“ஏலே, என்ன பண்ணுத?” தேவபிரசாதம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“மினிட்ஸ் எழுதுதேன் சார். மீட்டிங்ல நடந்தத எழுதணும்னு மதுரையில சொல்லித்தந்தாவ.”

“கம்பெனி பேரு என்னாவும்னு நெனச்சியா?”

“கணவாய் மாதிரி ஆவும்” என்றார் ரோச்.

“ரோச், நீரு சும்மா இரும்!”

“இந்தா, கருத்துத் தெரிவிச்சிட்டேன். ஏலே பெர்சி, அதையும் எழுது.”

பெர்சி எழுதினான். ‘திரு. ரோச் கருத்துத் தெரிவித்தார்.’ பிறகு, ‘பெர்சி மிகுந்த வருத்தத்துடன் மன்னிப்புக் கோரினார்’ என்று தொடங்கினான்.

“அது வேண்டாம் சார்” என்றாள் செல்வி. “அது நடக்கலைல்லா.”

அழித்தான்.

புதிய காகிதத்தைப் பிரிண்டரிலிருந்து செல்விதான் எடுத்துவந்தாள். நான்காவது பொருளை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்த பிறகே கையெழுத்திட்டாள். செந்தில்முருகன் போட்டான், அவசரமாக. ரோச் போட்டார், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. பெர்சி போட்டான். தேவபிரசாதம் போடவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“நான் பாக்காம இது எங்கயும் போவக்கூடாது” என்றார்.

“பன்னெண்டு மணிக்குள்ள கேட்டிருக்காவ சார்” என்றாள் செல்வி. அவரிடம் அல்ல, பெர்சியிடம். “இப்போதைக்கு மேனேஜர் நீங்கதான். அனுப்பவா?”

பெர்சி தேவபிரசாதத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புத்தான் அதிகம் இருந்தது. நல்ல வேலைக்காரன் ஒருவன் வீணாய்ப்போனதைப் பார்க்கிற சலிப்பு. அந்த முகத்துக்குத்தான் பதினோரு வருஷம் ஜோக் அடித்தோம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

“அனுப்பு.”

அவள் போனாள். ஸ்கேன் செய்கிற வெளிச்சம் கதவிடுக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு மறைந்தது. தேவபிரசாதம் எழுந்தார். “நாளைக்கு நீ வர வேண்டாம் பெர்சி” என்றார். வாசலில் நின்று, “இன்னைக்கே சாவியக் குடுத்துரு” என்று சேர்த்துக்கொண்டார். கேக் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ரோச் அதைச் செந்தில்முருகனிடம் தள்ளி, “தின்னுலே, ஒனக்கு இனி விரதமில்லல்லா” என்றார். யாரும் தின்னவில்லை.

பெர்சி தன் அறையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி தேடி வந்தான். அவை செல்வியின் மேசைக்குப் பின்னால்தான் அடுக்கியிருக்கும். அவள் ஏற்கனவே அடுத்த வேலையைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் வேறொரு சரக்கின் காகிதம்.

“செல்வி” என்றான்.

அவள் நிமிரவில்லை. “இத ஒண்ணாந் தேதியே சொல்லியிருக்கலாம்லா சார்.” விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. “நாலு நாளு. எங்க வீட்டுல கேட்டாவ, ஏன் சாப்பிட மாட்டேங்கன்னு. என்னன்னு சொல்லுவேன்? எங்க சார் நல்லவரு, சொல்லிருவாருன்னா?”

பெர்சிக்கு ஒரு ஜோக் வந்தது. எப்போதும் போல, தானாகவே, நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தன் வயிற்றைப் பற்றியது. அவள் சாப்பிடாததைத் தான் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது பற்றியது. நன்றாகவே இருந்தது. முந்தைய வாரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அதோடு எல்லாம் தீர்ந்திருக்கும். பெர்சி வாயை மூடி அதை உள்ளே தள்ளினான். கெட்டுப்போனதை விழுங்கியது போல இறங்கியது.

“ஆமா” என்றான். “சொல்லியிருக்கணும்.”

“கொஞ்சம் நவுருங்க சார்” என்றாள் செல்வி. “பிரிண்டர மறைக்கிய. ரெண்டு மணிக்குள்ள இன்னொண்ணு அனுப்பணும்.”

பெர்சி நகர்ந்தான்.